வீட்டிலேயே பைக் இன்ஜின் கட்டுவதும் கேம் டைமிங் அளப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் தங்கள் வண்டியின் இன்ஜினைத் தாங்களே பிரித்துக் கட்ட விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் ஸ்ப்ளெண்டர் வகை இன்ஜினையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 97.2 சி.சி., சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்குள் ஒரே கேம் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு), அதை ஓட்ட ஒரு சங்கிலி. முதல்முறை கை வைப்பவருக்கு இதைவிட எளிய இன்ஜின் கிடைக்காது. உதிரிபாகமும் எந்த ஊரிலும் கிடைக்கும். உங்கள் வண்டி வேறாக இருந்தால் அதன் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்களையே பின்பற்றுங்கள்.

கேம் டைமிங் என்றால் என்ன?

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்றுகிறது. அதனால்தான் கேம் ஸ்ப்ராக்கெட்டில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைப்போல இரு மடங்கு பற்கள் இருக்கின்றன. பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது இன்லெட் வால்வு திறக்கிறது, எப்போது மூடுகிறது, எக்ஸாஸ்ட் வால்வு எப்போது திறந்து மூடுகிறது என்பதைக் கிராங்கின் டிகிரிக் கணக்கில் சொல்வதே கேம் டைமிங். இந்த நான்கு எண்களும் சரியாக இருந்தால் வண்டி இழுக்கும். ஒன்று பிசகினாலும் புது பிஸ்டன், புது ரிங் போட்டும் வண்டி சோர்ந்தே ஓடும்.

ஸ்ப்ராக்கெட்டிலும் மேக்னெட்டிலும் (கிராங்க் முனையில் உள்ள காந்தச் சக்கரம்) குறி போட்டிருக்கிறதே, அதைப் பொருத்தினால் போதாதா?

எல்லாப் பாகமும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால் போதும். நம் ஊரில் ஓடும் பழைய வண்டிகள் அப்படி இருப்பதில்லை. யாரோ ஒருவர் ஹெட்டை லேத்தில் தேய்த்திருப்பார், இன்னொருவர் மலிவான கேம் ஷாஃப்ட் வாங்கிப் போட்டிருப்பார், சங்கிலி நீண்டிருக்கும். குறிகள் அழகாக நேருக்கு நேர் நிற்கும், வால்வு மட்டும் தன் நேரத்துக்குத் திறக்காது.

ஹெட்டையோ பிளாக்கையோ தேய்த்தால் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் குறைகிறது. சங்கிலியின் இழுக்கும் பக்கத்தில் அந்த அளவு தளர்வு வருகிறது. கிராங்க் அந்தத் தளர்வை எடுத்த பிறகே கேம் நகரும் என்பதால் டைமிங் பின்தங்குகிறது. 28 பல் உள்ள ஒரு கேம் ஸ்ப்ராக்கெட்டில் கால் மி.மீ. தேய்ப்புக்குக் கிராங்கில் ஏறத்தாழ 1 டிகிரி பின்தங்கும். இது தாங்கக்கூடியதுதான். நீண்ட சங்கிலியும் அதே திசையில்தான் தள்ளுகிறது என்பதால் இரண்டும் சேரும்போதுதான் வேறுபாடு தெரிய ஆரம்பிக்கிறது.

குறி ஒரு தொடக்கம் மட்டுமே. அளந்த எண்ணே சான்று. பிரிப்பதற்கு முன்பு ஒருமுறை, கட்டி முடித்த பிறகு ஒருமுறை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முந்தைய எண் கையில் இல்லாதவருக்கு, பிந்தைய எண் எதையும் பெரிதாகச் சொல்லாது.

அளக்க என்னென்ன கருவிகள் வேண்டும்?

டிகிரி வட்டு ஒன்று, அசையாத முள் ஒன்று, பிஸ்டனைத் தடுக்கும் போல்ட் ஒன்று, வால்வின் அசைவை அளக்க ஏதாவது ஒன்று. அவ்வளவுதான்.

டிகிரி வட்டை 360 பாகமாக அச்செடுத்து, வளையாத பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டிக்கொள்ளலாம். 18 செ.மீ. விட்டம் இருந்தால் விளிம்பில் ஒரு டிகிரிக்கு ஒன்றரை மி.மீ. இடம் கிடைக்கும், கண்ணால் அரை டிகிரிவரை படிக்கலாம். முள்ளுக்குப் பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி நன்றாக உதவும். ஒரு முனையை வளைத்து இன்ஜின் கேஸின் ஏதாவது ஒரு ஸ்க்ரூவில் இறுக்கிவிட்டு, மறுமுனையை அரத்தால் கூராக்கி வட்டின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிறுத்துங்கள்.

பிஸ்டன் தடுப்புக்கு ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, உள்ளே மரை வெட்டி, முனை உருண்டையாகத் தேய்த்த போல்ட்டைப் பொருத்த வேண்டும். எந்த லேத் பட்டறையிலும் சிறிது நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள்.

வால்வின் அசைவை அளக்கும் டயல் கேஜ் 0.01 மி.மீ. படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் காந்த அடிப்பாகம் அலுமினிய ஹெட்டில் ஒட்டாது. ஓர் இரும்புப் பட்டையை ஹெட் போல்ட்டில் இறுக்கி, அதன்மேல் காந்தத்தை வைக்க வேண்டும்.

டயல் கேஜ் வாங்க வசதியில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. நான் மிகவும் மதிக்கும் வழி இது. வால்வு முழுதாக மூடியிருக்கும் நிலையில் வால்வின் முனையை அழுத்தும் டேப்பெட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அதற்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைச் சரியாக 1.05 மி.மீ. ஆக வையுங்கள். ஃபில்லர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) 1.00, 0.05 ஆகிய இரு தகடுகளைச் சேர்த்து அளக்கலாம். பிறகு 0.05 தகட்டை மட்டும் இடைவெளியில் விட்டுக்கொண்டு கிராங்கை மெதுவாகத் திருப்புங்கள். தகடு பிடிபடும் நொடியில் கேம் 1 மி.மீ. தூக்கலைக் கொடுத்திருக்கிறது என்று பொருள். மேலும் திருப்பினால் வால்வு திறந்து மூடி, தகடு மறுபடி விடுபடும். அது மூடும் புள்ளி. பிடிபட்ட இடம், விடுபட்ட இடம் இரண்டையும் வட்டில் படித்துக்கொள்ளுங்கள். டயல் கேஜைவிட ஓரிரு டிகிரி கூடக் குறைய வரலாம். ஒரு பல் தவறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க இது தாராளம். முடிந்ததும் டேப்பெட்டைப் புத்தகம் சொல்லும் அளவுக்குத் திரும்ப வைத்துவிட வேண்டும்.

பிஸ்டன் உச்சத்துக்கு வந்துவிட்டதா என்று பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவர் விட்டுப் பார்த்தால் போதாதா?

போதாது. இங்கேதான் பலருடைய அளவு கெடுகிறது. பிஸ்டன் உச்சத்தை நெருங்கும்போது கிராங்க் திரும்பிக்கொண்டே இருக்கும், பிஸ்டனோ ஏறக்குறைய நின்றுவிடும். 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் இன்ஜினில் உச்சத்திலிருந்து 5 டிகிரி திருப்பினால் பிஸ்டன் இறங்குவது வெறும் 0.12 மி.மீ. அளவுதான். ஸ்க்ரூடிரைவரைப் பிடித்திருக்கும் விரலுக்கு அது தெரியவே தெரியாது.

எனவே உச்சத்தைத் தேடாமல், அதன் இரு பக்கமும் சம தூரத்தில் உள்ள இரண்டு புள்ளிகளைக் கண்டுபிடித்து நடுவைப் பிடிக்க வேண்டும். முதலில் டேப்பெட் ஸ்க்ரூக்களை நன்றாகத் தளர்த்திவிடுங்கள்; தடுப்பு போல்ட்டில் வால்வு போய் இடிக்கக் கூடாது. உத்தேசமாக உச்சம் வைத்து, வட்டின் சுழியத்தை முள்ளுக்கு நேராக நிறுத்தி, கிராங்க் முனையில் வட்டை இறுக்குங்கள். பிறகு பிஸ்டனைக் கொஞ்சம் இறக்கி, தடுப்பைத் திருகுங்கள். கிராங்கை ஒரு திசையில் கையால் மெதுவாகத் திருப்பினால் பிஸ்டன் தடுப்பைத் தொட்டு நிற்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, எதிர்த் திசையில் மறுபடி தொடும்வரை திருப்பிப் படியுங்கள். ஒரு பக்கம் 32, மறுபக்கம் 38 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 70, பாதி 35. முள்ளை 3 டிகிரி நகர்த்தி, இரு பக்கமும் 35 வரும்படி செய்துவிட்டால் உச்சப் புள்ளி துல்லியமாகக் கிடைத்துவிட்டது. மறுபடி ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தடுப்பைக் கழற்றுங்கள். கிக்கரில் கால் வைத்து இந்த வேலையைச் செய்யவே கூடாது. பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

சரி, இனி வால்வின் டைமிங்கை எப்படிப் படிப்பது?

தளர்த்திய டேப்பெட்டைப் புத்தகம் சொல்லும் அளவுக்கு முதலில் சரி செய்யுங்கள். டயல் கேஜின் முனை வால்வு ஸ்பிரிங் மேல்தட்டில், வால்வின் சாய்வுக்கு இணையாக உட்கார வேண்டும். சாய்ந்து உட்கார்ந்தால் தூக்கல் தவறாக வரும். வால்வு மூடிய நிலையில் கேஜைச் சுழியம் ஆக்கிவிட்டு, இன்ஜின் ஓடும் திசையில் மட்டும் கிராங்கைத் திருப்புங்கள். 1 மி.மீ. தூக்கல் வரும்போது வட்டில் உள்ள எண் திறக்கும் புள்ளி. திரும்பி இறங்கும்போது மறுபடி 1 மி.மீ. வரும் இடம் மூடும் புள்ளி.

கடைசி ஒரு டிகிரியில் பொறுமை வேண்டும். கேஜின் முள் 0.95, 0.97 என்று ஊர்ந்து வரும். உள்ளங்கையால் மேக்னெட்டைத் தள்ளித் தள்ளிக் கொண்டுவர வேண்டும். ஒன்றைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் பின்னால் திருப்பி அங்கேயே படிக்கக் கூடாது. சங்கிலித் தளர்வு அந்த எண்ணைப் பொய்யாக்கிவிடும். கால் சுற்று பின்னே போய், மறுபடி ஓடும் திசையிலேயே வாருங்கள்.

ஏன் 1 மி.மீ. என்று கேட்பார்கள். வால்வு அசையத் தொடங்கும் இடத்தில் கேமின் ஏற்றம் மிக மெதுவானது. அங்கே பல டிகிரிக்கு கேஜின் முள் ஏறக்குறைய அசையாது. 1 மி.மீ.க்கு வந்ததும் அது விறுவிறுவென ஏறுவதால் படிக்கும் எண் உறுதியாக நிற்கிறது. ஹோண்டா வண்டிகளின் சர்வீஸ் புத்தகங்களிலும் பெரும்பாலும் இந்த அளவே தரப்பட்டிருக்கும். உங்கள் புத்தகம் எந்தத் தூக்கலில், எந்த டேப்பெட் இடைவெளியோடு சொல்கிறது என்று பார்த்து அதையே பயன்படுத்துங்கள்.

கிடைத்த எண்களை வைத்து என்ன கணக்குப் போட வேண்டும்?

இன்லெட் வால்வு உச்சத்துக்கு 5 டிகிரி முன்னால் திறந்து, அடிப்புள்ளிக்கு 30 டிகிரி பின்னால் மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5, 180, 30 மூன்றையும் கூட்டினால் 215. வால்வு திறந்திருக்கும் மொத்தக் காலம் அது. அதில் பாதி 107.5, திறந்த 5 டிகிரியைக் கழித்தால் 102.5. அதாவது, கேமின் மேடு உச்சம் தொடும் இடம் பிஸ்டன் உச்சத்துக்கு 102.5 டிகிரி பின்னால் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வுக்கும் இதே கணக்குதான். மூடும் எண்ணைக் கழிக்க வேண்டும், விடை உச்சத்துக்கு முன்னால் வரும்.

இந்த நடுப்புள்ளி எண்ணை விரும்பிப் பயன்படுத்துங்கள். மேட்டின் இரு சரிவும் ஒத்திருந்தால் டேப்பெட் இடைவெளியில் சிறு தவறு இருந்தாலும் திறக்கும் புள்ளியும் மூடும் புள்ளியும் எதிரெதிராக நகர்வதால் நடு பெரிதாக மாறாது.

புத்தகத்திலிருந்து என் அளவு வித்தியாசப்படுகிறது. என்ன செய்ய?

எவ்வளவு என்பதைப் பொறுத்தது. உங்கள் கேம் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை எண்ணி, 360ஐ அதனால் வகுத்து இரண்டால் பெருக்குங்கள். 28 பல் என்றால் ஒரு பல்லுக்குக் கிராங்கில் 25.7 டிகிரி. வித்தியாசம் அதற்கு அருகில் இருந்தால் சங்கிலி ஒரு பல் தவறி ஏறியிருக்கிறது. திறந்து சரியாகப் போடுங்கள். ஒரு பல் தவறிய வண்டி கிளம்பவே அடம் பிடிக்கும், கார்புரேட்டரிலோ சைலன்சரிலோ வெடிக்கும். சில இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்தும் போகும்.

ஓரிரு டிகிரி என்றால் அளவையின் பிழையாகவே இருக்கலாம், மறுபடி அளங்கள். 5, 6 டிகிரி பின்தங்கியிருந்தால் டைமிங் சங்கிலியையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சந்தேகப்படுங்கள். ஸ்ப்ராக்கெட்டில் நீள்துளை போட்டு முன்னே நகர்த்தலாம் என்று சிலர் சொல்வார்கள். சாலையில் ஓடும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். புதுச் சங்கிலி போட்டால் பெரும்பாலும் எண் தானே திரும்பி வந்துவிடும்.

திறந்திருக்கும் மொத்தக் காலம் குறைந்து, தூக்கலும் குறைந்திருந்தால் கேமின் மேடு தேய்ந்திருக்கிறது. டைமிங்கைத் திருப்பி அதைச் சரிசெய்ய முடியாது.

இன்ஜினைத் திறக்க வேண்டுமா என்று எப்படி முடிவு செய்வது?

புகையைப் பாருங்கள். காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஓட்டும்போது தொடர்ந்து வந்தால் ரிங்கும் போரும். கம்ப்ரெஷன் குறைவாகத் தெரிந்தால் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி கிக் செய்து பாருங்கள். இறுகினால் ரிங் தேய்ந்திருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் வால்வு சரியாக உட்காரவில்லை.

எதை வீட்டில் செய்யலாம், எதை லேத் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும்?

பிரிப்பது, கழுவுவது, ரிங் இடைவெளி பார்ப்பது, வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது, கட்டுவது எல்லாம் வீட்டு வேலை. போர் போடுவது, வால்வு சீட் வெட்டுவது, கைடு மாற்றுவது, கிராங்கைப் பிரித்து கனெக்டிங் ராட் மாற்றி நேராக்குவது பட்டறை வேலை. புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள் இருக்கும் ஊரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. கடலூர்க்காரர்கள் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் விசாரித்துப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாக வருகிறது. பிஸ்டனை முதலில் வாங்கி, அதையே லேத்தில் கொடுத்து, அதற்கேற்ப போர் போடச் சொல்ல வேண்டும். போரை முதலில் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை.

போர் போட்டு வந்த பிளாக்கை அப்படியே மாட்டலாமா?

கூடாது. போர் சுவரில், அதைத் தேய்த்த கல்லின் துகள் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும். பெட்ரோலில் துடைத்தால் அது போகாது. வெந்நீரும் துணி சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவி உலர்த்தியதும் பழைய வெள்ளை வேட்டித் துண்டில் புது ஆயில் தொட்டு உள்ளே துடைத்து எடுங்கள். முதலில் துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வரும். மறுபடி கழுவுங்கள். துணி வெறும் ஆயில் ஈரத்தோடு வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடாதீர்கள். புது ரிங்கைத் தின்பது இந்தச் சாம்பல்தான்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. முத்தியால்பேட்டையிலோ தேவனாம்பட்டினத்திலோ கழுவிய இரும்புப் போரை ஆயில் தடவாமல் ஓர் இரவு வைத்தால் காலையில் பழுப்புத் துரு படர்ந்திருக்கும். கழுவிய கையோடு ஆயில் பூசி, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துவிடுங்கள். ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் இன்ஜினைத் திறப்பதும் வேண்டாம். மணல் எங்கிருந்து வந்ததென்றே தெரியாது. தை முதல் பங்குனிவரை இந்த வேலைக்கு நல்ல காலம்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை?

ரிங்கைப் போரில் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாயின் இடைவெளியை ஃபில்லர் கேஜால் பாருங்கள். இவ்வளவு சிறிய போருக்குப் பொதுவாக 0.10 முதல் 0.25 மி.மீ.க்குள் இருக்கும். எழுத்து உள்ள பக்கம் மேலே. ரிங் வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். பிஸ்டன் பின் பூட்டும் சர்க்ளிப்பைப் புதிதாகவே போடுங்கள். போடும்போது கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். அது உள்ளே விழுந்தால் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியதாகிவிடும்.

ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று தவணையாக டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கேஸ் மூடியின் சிறிய 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினிய மரை போவது இவற்றில்தான், காரணம் பலம் காட்டுவது.

எல்லாம் முடிந்ததும் கிக் செய்வதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். எங்காவது இடித்தால் நிறுத்துங்கள், அழுத்தித் திருப்பாதீர்கள்.

ஃபெஞ்சல் புயலில் வண்டி மூழ்கியது. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த அந்தப் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமாக மழை கொட்டியது. அடுத்து வந்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்தது. அதில் நின்ற வண்டிகளுக்காக இன்றும் இந்தக் கேள்வி வருகிறது.

மூழ்கிய வண்டியை உடனே கிக் செய்வதுதான் பெரும் கேடு. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராட் வளையும். பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அன்றே வடித்து, மலிவான ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, நிறம் தெளியும்வரை மாற்றினால் பல வண்டிகள் பிழைக்கும். நாள்கணக்கில் சேற்று நீரோடு நின்றதென்றால் பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் கிராங்க் பேரிங்கில் துருப் புள்ளிகள் விழுந்திருக்கும்.

புல்லட்டுக்கும் ஆர்.எக்ஸ். 100க்கும் இதே முறைதானா?

பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் கேம்கள் கீழே, பல்சக்கரத்தில் ஓடுகின்றன. சங்கிலி நீளும் கவலை இல்லை, அளக்கும் முறை இதேதான். யூ.சி.இ. வகை புல்லட்டில் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கேஸில் உள்ளது) ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பெட் இருப்பதால் அது அளக்கும்போதே அமுங்கி எண்ணைக் கெடுக்கும். ஆர்.எக்ஸ். 100 இரண்டு ஸ்ட்ரோக். அதில் கேமும் கேம் திறக்கும் வால்வும் இல்லை. டிகிரி வட்டை வைத்து எக்ஸாஸ்ட் வழி எப்போது திறக்கிறது என்று அளக்கலாம்.

புது இன்ஜினை எப்படி ஓட்டிப் பழக்குவது?

நிறுத்திய இடத்திலேயே நெடுநேரம் ஓடவிடாதீர்கள். ரிங் போரில் படிய மிதமான சுமை வேண்டும், அதுவும் மாறி மாறி வர வேண்டும். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் போகும் சாலை இதற்கு மிகப் பொருத்தம்: கொஞ்சம் வேகம், ஒரு நிறுத்தம், மறுபடி வேகம். முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், உயர் கியரில் திணறவிடவும் வேண்டாம். முதல் ஆயிலை 100, 200 கி.மீ.க்குள் மாற்றிவிடுங்கள், வடித்த ஆயிலில் பொடி உலோகம் மின்னும். அந்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு டேப்பெட்டை மறுபடி பாருங்கள்.

ஞாயிறு சந்தையில் வேறு இன்ஜின் கேஸ் கிடைத்தால் வாங்கிப் போடலாமா?

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஸ்பானர், வெர்னியர் வாங்குங்கள். வெர்னியரின் தாடைகளை மூடி, சுழியம் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்ஜின் கேஸ் வேறு விஷயம். அதில் இன்ஜின் எண் இருக்கிறது, அது ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்த வேண்டும். பிஸ்டன், கேம், கிராங்க் மாற்றுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. எண் உள்ள கேஸை மாற்றினால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்று ரசீதோடு சொல்ல முடியாதவரிடம் கேஸ் வாங்காதீர்கள்.